கூடவும் கலையவும் தெரிந்த புரதம்

வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் மதுரையில் காய்ச்சல் காலம் தொடங்கிவிடுகிறது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கங்களிலிருந்து மூச்சிரைப்போடு பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேருகிறவர்களில் மருத்துவர் சந்தேகப்படும் சிலருக்கு, மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியை விட்டு மாதிரி எடுக்கிறார்கள். குச்சியின் தண்டை ஒடித்து, நுனியை மட்டும் இளஞ்சிவப்புத் திரவம் உள்ள சிறு குழாயில் போட்டு, இறுக மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே அந்தத் திரவத்திலிருந்து ஆர்என்ஏவைப் பிரித்து ஆர்டி-பிசிஆர் இயந்திரத்தில் ஏற்றினால், திரையில் ஒரு கோடு சற்று நேரம் தரையோடு ஓடிவிட்டுப் பிறகு வளைந்து மேலேறுகிறது. ஏறினால், இன்ஃப்ளுயென்சா ஏ இருக்கிறது என்று பொருள். 2009இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வகுத்து, உலக சுகாதார நிறுவனம் நாடுகளுக்குப் பகிர்ந்த முறையில், அந்த முதல் கோட்டை மேலேற்றுவது வைரஸின் மேட்ரிக்ஸ் மரபணு.

நாம் பேசுவதெல்லாம் வேறு இரண்டு மரபணுக்களைப் பற்றி. ஹெச்1என்1, ஹெச்3என்2, ஹெச்5என்1 என்று செய்தித்தாளில் வரும் எழுத்துகள், வைரஸின் வெளிப்புறத்தில் முள்முள்ளாக நிற்கும் ஹீமக்ளூட்டினின், நியூராமினிடேஸ் என்ற இரு புரதங்களைக் குறிப்பவை. நம் உடலின் எதிர்ப்பொருள்கள் அவற்றைத்தான் பார்க்கின்றன. அவற்றிடமிருந்து தப்பத்தான் வைரஸ் அந்த முட்களை ஆண்டுதோறும் மாற்றிக்கொள்கிறது. தடுப்பூசியையும் ஆண்டுதோறும் மாற்ற வேண்டியிருப்பது அதனால்தான். மேட்ரிக்ஸ் புரதம் சவ்வுக்கு உள்ளே இருக்கிறது. எதிர்ப்பொருளின் கண்ணில் படாததால் அதற்கு மாறவேண்டிய நெருக்கடி குறைவு. மாறாததையே அடையாளமாகப் பிடிப்பதுதான் பரிசோதனைக்கு நல்லது என்பதால் அந்த மரபணு ஆய்வகத்துக்கு வந்தது. ஆனால் வைரஸை வைரஸாகக் கட்டுவதும், செல்லுக்குள் போனதும் அவிழ்ப்பதும், அது உருண்டையா நீள இழையா என்று பெரிதும் தீர்மானிப்பதும் இந்தப் புரதமே. அதன் முழு உருவம் 2020 வரை யாருக்கும் தெரியாது. இவ்வளவு காலம் பிடித்ததற்குக் காரணம் அந்தப் புரதத்தின் இயல்பிலேயே இருக்கிறது. அந்த இயல்பைப் புரிந்துகொள்வதுதான் முழுக் கேள்வியையும் புரிந்துகொள்வது என்பது என் எண்ணம்.

நம் கரையிலிருந்தே தொடங்கலாம். 1957 மே மாத நடுவில், மலாயாவிலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு எஸ்.எஸ். ரஜூலா கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்த கப்பல் அது. அந்தப் பயணத்தில் பயணிகளோடு புதிய காய்ச்சலும் இறங்கியது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இன்ஃப்ளுயென்சா மையத்தை நடத்திய ஐ.ஜி.கே. மேனன் அந்தக் கொள்ளைநோயைப் பற்றி உலக சுகாதார நிறுவன இதழில் 1959இல் எழுதினார். 1958 பிப்ரவரிக்குள் இந்தியாவில் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகவும் 1,098 பேர் இறந்ததாகவும் பதிவாயிற்று. பதிவுக்கு வராதவர்கள் எவ்வளவோ.

அந்த வைரஸ் ஹெச்2என்2. பறவை வைரஸ் ஒன்றிடமிருந்து மூன்று மரபணுத் துண்டுகளை அது புதிதாக வாங்கியிருந்தது: இரண்டு முட்களுக்கு உரியவையும், ஆர்என்ஏவை நகலெடுக்கும் நொதியின் ஒரு பாகமும். மற்ற ஐந்தும், மேட்ரிக்ஸ் துண்டு உட்பட, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோரைக் கொன்ற 1918 வைரஸின் வழிவந்தவை. 1968இல் ஹாங்காங் வைரஸ் வந்தபோது ஹீமக்ளூட்டினின் மறுபடி மாறியது. மேட்ரிக்ஸ் துண்டு மாறவில்லை. இன்று மதுரையில் ஒருவருக்கு ஹெச்3என்2 காய்ச்சல் வந்தால், அவர் உடலில் பெருகும் வைரஸின் மேட்ரிக்ஸ் மரபணு நூறாண்டுக்கு முந்தைய அதே வம்சம். வெளியே சட்டை எத்தனையோ முறை மாறியிருக்கிறது. 2009 பன்றிக் காய்ச்சல் வைரஸ் மட்டும் இந்த வம்சத்தை விட்டுவிட்டு, ஐரோப்பியப் பன்றிகளில் 1979 முதல் சுற்றிவந்த, பறவை வழிவந்த இன்னொரு மேட்ரிக்ஸ் துண்டோடு வந்தது. அதன் விளைவுகளைப் பின்னால் பார்ப்போம்.

இன்ஃப்ளுயென்சா ஏ வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் தனித்தனி ஆர்என்ஏ துண்டுகள். ஏழாவதுதான் மேட்ரிக்ஸ் துண்டு. நீளம் 1,027 எழுத்துகள். அதிலிருந்து இரண்டு புரதங்கள் வருகின்றன. நேராகப் படித்தால் 252 அமினோ அமிலங்கள் கொண்ட எம்1. நடுவில் ஒரு பகுதியை வெட்டி ஒட்டிப் படித்தால் 97 அமினோ அமிலங்கள் கொண்ட எம்2. இரண்டுக்கும் முதல் ஒன்பது அமினோ அமிலங்கள் பொது. ராபர்ட் லாம்பும் உடன் உழைத்தவர்களும் 1981இல் இந்த வெட்டி ஒட்டலைக் காட்டினார்கள். ஓர் உருண்டை வைரஸின் குறுக்களவு சுமார் 100 நானோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 3,000 எம்1 இருக்கின்றன. வைரஸில் மிக அதிகமாக உள்ள புரதம் அதுதான். எம்2 ஒரு சில மட்டுமே.

எம்1இன் உருவத்தைப் பிடிக்கும் முயற்சி 1997இல் பாதி வென்றது. அலபாமா பல்கலைக்கழகத்தின் பிங்டாங் ஷா, மிங் லுவோ இருவரும் புரதத்தின் முன்பகுதியை, சுமார் 158ஆம் அமினோ அமிலம் வரை, படிகமாக்கி எக்ஸ்-கதிரில் பார்த்தார்கள். முழுவதும் சுருள்கள்; கட்டுக்கட்டாக அடுக்கிய சுருள்கள். ஒரு முகத்தில் நேர்மின்னேற்றம் குவிந்திருந்தது. சவ்வின் உட்பக்கம் எதிர்மின்னேற்றம் கொண்டது, ஆர்என்ஏவும் அப்படியே. ஆகவே அந்த முகம் சவ்வைப் பிடிக்குமா, ஆர்என்ஏவைப் பிடிக்குமா என்ற விவாதம் அன்றே தொடங்கிவிட்டது. அந்தப் படிகம் வளர்ந்தது அமிலத்தில், பிஹெச் 4இல். 2001இல் நடுநிலைக் கரைசலிலும் படிகங்கள் கிடைத்தன. அவற்றில் முன்பகுதியின் உருவம் ஏறத்தாழ அப்படியே இருந்தது. ஒரு எம்1 அடுத்த எம்1ஐத் தொடும் கோணம் மட்டும் மாறியிருந்தது.

மிச்சமிருந்த தொண்ணூறு அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் பின்பகுதி, யாருக்கும் அகப்படவில்லை. படிகம் வளர்வதற்கு மூலக்கூறுகள் ஒரே உருவத்தில் ஒழுங்காக அடுக்க வேண்டும். பின்பகுதிக்கோ கரைசலில் நிலையான உருவமே இல்லை. ஒவ்வொரு கணமும் ஒவ்வொரு விதமாகத் துவள்கிறது. புரதம் என்றால் மடிந்து ஓர் உருவத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் நாம் பாடத்தில் படித்தது. அமினோ அமிலச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப முடியாது என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் வரைந்து காட்டிய படம் இன்றும் உலகத்தில் எந்தப் புரத உருவத்தையும் சரிபார்க்கப் பயன்படுகிறது. அந்தப் படத்தில் அனுமதிக்கப்பட்ட இடங்களுக்குள்ளேயே ஒரு சங்கிலி நிலைகொள்ளாமல் அலையலாம் என்பதையும், அந்த அலைச்சலுக்கே ஒரு வேலை இருக்கலாம் என்பதையும் உயிரியல் பிற்பாடுதான் மெல்ல ஒப்புக்கொண்டது. எம்1 அதற்கு மிகச் சிறந்த சான்று.

வழி திறந்தது கிரையோ மின்னணு நுண்ணோக்கியால். வைரஸ்களைத் திரவ ஈத்தேனில் முக்கி, நீர் பனிப்படிகமாவதற்குக்கூட நேரம் தராமல் உறையவைக்கிறார்கள். அந்தக் கண்ணாடிப் பனிக்குள் வைரஸ் உயிரோடு இருந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. அதைப் பல கோணங்களில் சாய்த்துப் படமெடுத்து, படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் கட்டி, அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரே அமைப்பை ஆயிரக்கணக்கில் வெட்டியெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்கிறார்கள். கேம்பிரிட்ஜின் எம்ஆர்சி மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் ஜான் பிரிக்ஸ் குழு இந்த வழியில் போனது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ரைபோசோம் வேலைக்காக 2009இல் நோபல் பெற்றதும், இதே நுண்ணோக்கி முறைக்காக ரிச்சர்ட் ஹெண்டர்சன் 2017இல் பெற்றதும் அந்த ஆய்வகத்திலிருந்துதான். ஜூலியா பியூக்கஸ் முதலாசிரியராக, 2020இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையில், முழு வைரஸுக்குள் எம்1 கூடி நிற்கும் நிலையிலேயே அதன் முழு உருவம் வெளிவந்தது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் கார்லா கிர்க்கெகார்ட், வா சியூ குழுவினர், சோதனைக்குழாயில் எம்1ஐக் குழல்களாகக் கூட்டி, தனி வழியில் முழு உருவத்தைக் கண்டார்கள். இரண்டு குழுக்கள், இரண்டு வழிகள், ஒரே ஆண்டு. இந்தத் துறையில் ஒரு முடிவை நம்புவதற்கு இதைவிடப் பலமான காரணம் கிடைப்பது அரிது.

பிரிக்ஸ் குழு கண்டது இது: தனியாக இருக்கும்போது துவண்டு கிடக்கும் பின்பகுதி, பக்கத்தில் இன்னொரு எம்1 இருந்தால் அதன் முன்பகுதியில் போய் ஒட்டி, ஒட்டிய இடத்தில்தான் சுருள்களாக மடிந்து உருவம் பெறுகிறது. பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ரயில்வண்டி விளையாடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தனியாக நிற்கும் பிள்ளையின் கைகள் சும்மா தொங்கும். முன்னால் ஒருவன் வந்து நின்றதும் அவை உயர்ந்து அவன் தோளைப் பிடிக்கும். அவன் கைகள் அவனுக்கு முன்னால் நிற்பவனைத் தேடும். இப்படி ஒன்றையொன்று பிடித்த எம்1கள் நீண்ட வரிசைகளாகி, வரிசைக்குப் பக்கத்தில் வரிசையாகச் சவ்வின் உட்பக்கத்தில் திருகலாகச் சுற்றிவருகின்றன. நேர்மின்னேற்ற முகம் சவ்வைப் பார்க்கிறது. 1997இல் தொடங்கிய விவாதத்துக்கு, கூடிய வைரஸைப் பொறுத்தவரை, அங்கே விடை கிடைத்துவிட்டது.

இந்த அமைப்பில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது அதன் சிக்கனம். தனி எம்1 தனக்குள் முழுமையாக மடிந்துவிட்டால் அடுத்ததைப் பிடிக்க அதற்குக் கை இருக்காது. முழுமையடையாமல் இருப்பதால்தான் அது சேர்கிறது. தன் உருவத்தின் மிச்சத்தை அடுத்த மூலக்கூறிடம் விட்டுவைத்திருக்கிறது. ஆய்வாளர்களை இருபத்துமூன்று ஆண்டுகள் தவிக்கவைத்த அதே துவளல்தான் வைரஸைக் கட்டும் வழி.

இனி, செல்லுக்குள் இந்தக் கட்டுமானத்தைத் தொடங்குவது யார்? இங்கே இன்னும் ஒருமனதான முடிவு இல்லை. 2000இல் மாட்ரிடிலிருந்து வந்த ஒரு கட்டுரை, எம்1தான் வைரஸை மொட்டுவிடச் செய்யும் முதன்மை விசை என்று தலைப்பிலேயே அறிவித்தது. 2007இல் லாம்ப் குழுவின் கட்டுரை அதற்கு நேர்மாறாக, ஹீமக்ளூட்டினினும் நியூராமினிடேஸும்தான் தேவை, எம்1 தேவையில்லை என்று தன் தலைப்பில் எழுதியது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. முதல் ஆய்வில் வேறொரு வைரஸின் துணையால் எம்1ஐச் செல்லுக்குள் ஏராளமாகப் பெருக்கினார்கள். இரண்டாவதில் இயல்புக்கு நெருக்கமான முறையில் செய்தார்கள். 2010இல் இன்னொரு குழு சிக்கலின் முடிச்சைக் காட்டியது: சவ்வுக்குப் போ என்று சொல்லும் குறி எம்1இல் இல்லை. அப்படியொரு குறியை வெளியிலிருந்து ஒட்டிவைத்தால், எம்1 தானாகவே வைரஸ் போன்ற துகள்களை உருவாக்கிவிடுகிறது. ஆக, வளைக்கும் திறமை எம்1க்கு உண்டு. இடத்துக்கு அழைத்துப்போக ஆள் வேண்டும். சவ்வில் ஏற்கெனவே நிற்கும் முட்களின் வால்களும் எம்2இன் வாலும் அந்த வேலையைச் செய்கின்றன என்பதுதான் இன்றைய பெரும்பான்மைக் கருத்து. எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது. ஆனால் துவண்ட பின்பகுதி முதன்முதலில் எந்த நொடியில், எதன் தூண்டலில் மடிகிறது என்பதை உயிருள்ள செல்லில் இதுவரை யாரும் நேரில் பார்க்கவில்லை. கூடிய பின் எடுத்த படம் கூடும் நிகழ்ச்சியின் படம் ஆகிவிடாது.

மொட்டுவிட்ட வைரஸைச் செல்லிலிருந்து அறுத்துவிடும் கடைசி வெட்டை எம்2 செய்கிறது. எச்ஐவி போன்ற வைரஸ்கள் இதற்குச் செல்லின் சொந்தக் கருவிகளைக் கடன் வாங்குகின்றன. இன்ஃப்ளுயென்சாவுக்கு அந்தக் கடன் தேவையில்லை. எம்2இன் வாலில் உள்ள ஒரு சுருள் சவ்வின் கழுத்தில் ஆப்பாக இறங்கி அதைத் துண்டிக்கிறது என்று ஜெரமி ராஸ்மனும் லாம்பும் 2010இல் காட்டினார்கள். அதற்குள் எட்டு ஆர்என்ஏ துண்டுகளும் ஏறியிருக்க வேண்டும். ஒன்று நடுவில், ஏழு சுற்றிலும் என்று அவை அடுக்கப்படுவதை ஜப்பானில் டகேஷி நோடா குழு 2006இல் படம்பிடித்தது.

கூடுவதைவிடக் கலைவதுதான் கடினமான கேள்வி என்று எனக்கு எப்போதும் தோன்றும். வெளியே, தும்மல் துளியில், காற்றில், கதவுப்பிடியில் குலையாமல் இருக்க வேண்டிய கட்டுமானம், அடுத்த செல்லுக்குள் போனதும் சில நிமிடங்களில் அவிழ வேண்டும். அவிழாவிட்டால் வைரஸுக்கு அது சமாதி. விடை அமிலத்தில் இருக்கிறது. செல் வைரஸை ஒரு பையில் வைத்து விழுங்குகிறது. அந்தப் பையின் உள்ளே புரோட்டான்களை ஏற்றி, பிஹெச் 5 வரை புளிக்கவைக்கிறது. வைரஸின் சவ்வில் இருக்கும் எம்2, நான்கு எம்2கள் சேர்ந்த ஒரு குழாய். புளிப்பு வந்ததும் அது திறந்து புரோட்டான்களை வைரஸின் வயிற்றுக்குள் விடுகிறது. பிண்டோ, ஹோல்சிங்கர், லாம்ப் மூவரும் 1992இல் இதைக் கண்டார்கள். புரோட்டான்கள் உள்ளே போய் எதைத் தொடுகின்றன என்பதை 2020 உருவம் காட்டியது. கூடிய எம்1 வரிசையில், மூன்று தனித்தனி எம்1களிலிருந்து வரும் ஐந்து ஹிஸ்டிடின்கள் ஓரிடத்தில் நெருங்கி நிற்கின்றன. ஹிஸ்டிடின் நடுநிலையில் மின்னேற்றம் இல்லாமலிருக்கும். பிஹெச் 6ஐத் தாண்டிக் கீழே போகும்போது புரோட்டானை ஏற்று நேர்மின்னேற்றம் பெறும். நேரும் நேரும் விலக்கும். ஐந்தும் ஒரே நேரத்தில் விலக்கத் தொடங்கினால், வரிசை எங்கே பிடித்திருந்ததோ அங்கேயே விட்டுப்போகும். கூடும்போது மட்டுமே உருவாகும் ஒரு கொத்து, கலைவதற்கான சாவியாகவும் இருக்கிறது. தனி எம்1இல் அந்தச் சாவியே கிடையாது.

எம்1 கழன்ற பிறகுதான் ஆர்என்ஏ கட்டுகள் செல்லின் உட்கருவுக்குள் போக முடியும் என்று மார்ட்டினும் ஆரி ஹெலினியஸும் 1991இல் நிறுவினார்கள். சில மணி நேரம் கழித்து, புதிதாகச் செய்யப்பட்ட எம்1 உட்கருவுக்குள் போய், புதிய ஆர்என்ஏ கட்டுகளைப் பிடித்து வெளியே கொண்டுவருகிறது. வரும்போது ஒட்டியிருந்தால் தடை; போகும்போது ஒட்டினால்தான் வழி. ஒரே புரதம், ஒரே ஒட்டல், நேரெதிர் வேலைகள். இந்த அவிழ்ப்பில் செல்லையும் வைரஸ் கூலியாளாக்குகிறது. கெட்டுப்போன புரதக் குப்பையை இழுத்துச் செல்லும் செல்லின் அமைப்பு, தானே குப்பை என்பதுபோல் நடிக்கும் வைரஸின் உள்கூட்டைப் பிடித்து இழுத்துக் கிழிக்கிறது என்று இந்திரநீல் பானர்ஜி, யோஹெய் யமாவுச்சி, ஹெலினியஸ் குழு 2014இல் சயன்ஸ் இதழில் எழுதியது.

உருவ விவகாரம் தனியாகப் பேசவேண்டியது. பாடநூல் படங்களில் இன்ஃப்ளுயென்சா அழகான உருண்டை. ஆய்வகத்தில் முட்டையில் பல தலைமுறை வளர்த்த வைரஸ்தான் அப்படி. நோயாளியிடமிருந்து நேரே எடுத்ததில் நீள இழைகள் நிறைய இருக்கும். சில பல மைக்ரோமீட்டர் நீளம் போகும். 1949இலேயே சூ, டாசன், எல்ஃபோர்டு இதைப் பதிவு செய்துவிட்டார்கள். முட்டையில் வளர்க்க வளர்க்க இழை மறைந்துபோகிறது. விலங்கின் உடலில் திரும்பப் போட்டால் இழை திரும்பத் தலைகாட்டுகிறது. அதாவது, உயிருள்ள மூச்சுக்குழாய்க்கு இழை ஏதோ விதத்தில் தேவை. எல்மனும் வெண்டி பார்க்லேயும் 2004இல் இந்தப் பண்பைக் கட்டுப்படுத்துவது எம்1 என்று காட்டினார்கள். 41ஆம் அல்லது 95ஆம் இடத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம் மாறினாலே இழை உருண்டையாகிறது. வரிசைகள் எவ்வளவு வளையும் என்பதில் ஒரு சிறு வேறுபாடு, முழு வைரஸின் உருவமாக வெளிப்படுகிறது.

இழை எதற்கு? கிளாஸ்கோவில் ஸ்வேதா விஜயகிருஷ்ணன் குழு 2013இல் மொட்டுவிடும் இழைகளை உறையவைத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றின் நுனியில் ஆர்என்ஏ கட்டுகளே தென்படவில்லை. சுமையில்லாத வண்டியை வைரஸ் எதற்காக இவ்வளவு செலவழித்துச் செய்கிறது? 2021இல் டிஜானா இவானோவிக் குழு ஒரு விடை தந்தது: செல்லுக்குள் நுழைவதை எதிர்ப்பொருள்கள் தடுக்கும் சூழலில், நீளமான வைரஸ் தன் ஏராளமான முட்களால் தடையை மீறி நுழைந்துவிடுகிறது. சளி தடித்த மூச்சுக்குழாயில் ஊர்ந்துசெல்ல இழை உதவும் என்று சொல்பவர்களும் உண்டு. முதல் விடைக்குச் சோதனையின் பலம் கூடுதல் என்றே சொல்வேன்.

2009க்கு இங்கேதான் வருகிறோம். அந்த ஆண்டு மே மாதம் ஹைதராபாத்தில் இந்தியாவின் முதல் தொற்று உறுதியானது; ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கப் பீதி. அரசுப் பரிசோதனைக்குக் கிண்டி கிங் நிலையத்தைத்தான் நம்பியிருந்தோம். அந்த வைரஸ் ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது என்று தேடிய இரண்டு குழுக்கள், நியூயார்க்கில் பீட்டர் பலேசியின் குழுவும், சீமா லக்தவாலா முதலாசிரியராக எழுதிய இன்னொரு குழுவும், 2011இல் ஒரே துண்டை நோக்கிக் கைகாட்டின: புதிதாகப் பன்றி வம்சத்திலிருந்து வந்த மேட்ரிக்ஸ் துண்டு. அது இருந்தால் கினிப் பன்றிகளிடையேயும் ஃபெரட்டுகளிடையேயும் வைரஸ் நன்றாகப் பரவுகிறது. இழை உருவமும் அதனோடு சேர்ந்து வருகிறது. நாம் பெயரிட்டு அஞ்சியது ‘ஹெச்’, ‘என்’ என்ற இரண்டு எழுத்துகளை. பரவலுக்குப் பெரிய பங்கு தந்தது ‘எம்’.

மருந்துப் பக்கத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். எம்2 குழாயை அடைக்கும் அமன்டடின் 1966இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எம்2இன் 31ஆம் இடத்தில் செரின் அஸ்பராஜினாக மாறினால் மருந்து பயனற்றுப்போகும். 2006க்குள் ஹெச்3என்2இல் அந்த மாற்றம் உலகெங்கும் நிறைந்துவிட்டது. 2009 வைரஸின் மேட்ரிக்ஸ் துண்டு அந்த மாற்றத்தோடேயே வந்தது. இன்று அமன்டடின் நம் மருந்துக்கடைகளில் பார்க்கின்சன் நோய்க்குத்தான் கிடைக்கும். எம்1ஐ நேரே தாக்கும் மருந்து எதுவும் இன்னும் சந்தைக்கு வரவில்லை. உருவம் தெரியாத பூட்டுக்கு யார் சாவி செய்வார்கள்? இப்போது உருவம் தெரிந்துவிட்டது. துவண்ட பின்பகுதி போய் உட்காரும் பள்ளம் எது என்று அணு அணுவாகத் தெரிகிறது. அந்தப் பள்ளத்தை முன்கூட்டியே நிரப்பும் ஒரு சிறு மூலக்கூறு கிடைத்தால், முட்கள் எப்படி மாறினாலும் வேலை செய்யும் மருந்து அது. எம்1இன் 58 முதல் 66 வரையுள்ள ஒன்பது அமினோ அமிலங்களை நம் டி-செல்கள் அடையாளம் காண்பதும் 1980களிலிருந்தே தெரியும். எல்லா வகைக்கும் ஒரே தடுப்பூசி தேடுகிறவர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி நம் ஊர். மதுரைச் சமவெளி மனிதர்களின் காய்ச்சலுக்கு மட்டும் இடமல்ல. பெரியாறு–வைகைப் பாசனத்தில் அறுப்பு முடிந்ததும் வயல்களில் மேய்ச்சல் வாத்துகள் இறங்குகின்றன. மேலூரைத் தாண்டினால் வேட்டங்குடிக் கண்மாய்களில் குளிர்காலத்துக்கு வலசைப் பறவைகள் வந்து தங்குகின்றன. அவற்றுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்கள் அங்கே இருக்கின்றன. இன்ஃப்ளுயென்சா ஏயின் தாய்வீடு நீர்ப்பறவைகள்தான். 2014இல் குட்டநாட்டு வாத்துகளில் ஹெச்5என்1 வந்ததிலிருந்து, கேரளத்தில் பறவைக்காய்ச்சல் என்ற செய்தி வரும்போதெல்லாம் குமுளியிலும் புளியரையிலும் கோழி வண்டிகளை நிறுத்தி மருந்து தெளிக்கிறார்கள். பறவை மாதிரிகளிலும் முதலில் தேடப்படுவது மேட்ரிக்ஸ் மரபணுவே.

ஆனால் அந்த மரபணுவிடம் நாம் கேட்பது இருக்கிறதா, இல்லையா என்ற ஒரே கேள்வி. கோடு ஏறியதும் வேலை முடிந்தது. உலகெங்கும் வரிசை படிக்கப்படுவது பெரும்பாலும் ஹீமக்ளூட்டினின். தடுப்பூசிக்கு அது வேண்டும் என்பதால் அதில் தவறில்லை. மேட்ரிக்ஸ் துண்டு வெறும் 1,027 எழுத்து. எட்டுத் துண்டுகளிலும் மிகச் சிறியவற்றில் ஒன்று. அதை முழுதாகப் படித்தால் 31ஆம் இடத்தில் மருந்தெதிர்ப்பு இருக்கிறதா, 41இலும் 95இலும் இழை அடையாளங்கள் எப்படி நிற்கின்றன, வந்திருப்பது 1918 வம்சமா, பன்றி வம்சமா, பறவையா என்பதெல்லாம் ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும். கோவிட் காலத்தில் மரபணு வரிசை படிக்க, 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசே சென்னையில் ஆய்வகம் திறந்தது. மதுரையில் நேர்மறையாக வரும் மாதிரிகளில் ஒரு பங்கை, வயல் வாத்துகளின் மாதிரிகளோடு சேர்த்து அங்கே அனுப்பி, மேட்ரிக்ஸ் துண்டை ஆண்டுதோறும் படித்துவர வேண்டும் என்று நான் வலியுறுத்திச் சொல்வேன். சென்னையிலும் வேலூரிலும் நடந்த கண்காணிப்பில் இன்ஃப்ளுயென்சா அக்டோபர்–நவம்பரில்தான் உச்சம் தொட்டது. வட மாநிலங்களின் காலம் வேறு. நம் பருவத்துக்கு நம் தரவு வேண்டும்.

இன்னொரு வேலையை மதுரையில் உட்கார்ந்தே செய்யலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்த்தகவலியல் மையம் 1980களின் பிற்பகுதியிலிருந்து இயங்குகிறது. புரதப் படிகவியலில் அங்கே ஆழ்ந்த அனுபவம் இருக்கிறது. கிரையோ நுண்ணோக்கிக்குப் பெங்களூரு என்சிபிஎஸ் வளாகத்தில் தேசிய மையம் இருக்கிறது. ஆனால் இதற்கு நுண்ணோக்கிகூட வேண்டாம். 2020இல் வெளிவந்த எம்1 உருவங்களின் அணு அமைவிடங்கள் எவரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுத் தரவுத்தளத்தில் உள்ளன. ஐந்து ஹிஸ்டிடின்களில் எது முதலில் புரோட்டானை ஏற்கிறது, எத்தனை ஏற்றால் பிடி தளர்கிறது, ஒரு வரிசையின் நடுவில் தளர்ச்சி தொடங்குகிறதா முனையிலா என்பவை கணினியில் மூலக்கூறு இயக்கக் கணக்கால் விசாரிக்கக்கூடிய கேள்விகள். தளர்ச்சி முனையில்தான் தொடங்குகிறது என்றால் நீள இழைகள் உருண்டைகளைவிட மெதுவாக அவிழ வேண்டும். அதைச் சோதனைக்குழாயில் பிஹெச்சைப் படிப்படியாக இறக்கி, இரண்டு உருவங்களையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துவிடலாம்.